பச்சை உடம்பு

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் யாழினிக் குட்டியும் புதிதாய் வந்திருக்கும் தம்பிப் பயலும் நலமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அதை நினைத்து நீ கவலைப்படாதே.

நேற்று போனில் பேசும்போது பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது. "பச்சைத் தண்ணியில பாத்திரம் கழுவாதடி, நீ இன்னும் பச்சை உடம்புக்காரி" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த யாழினி, "அம்மாச்சி, தண்ணி பச்சையா இல்லையே, அம்மாவும் பச்சையா இல்லையே" என்றாள். நீ சிரித்துவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டாய். பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் நான், அவளுக்குப் பதில் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் நீ படித்துவிட்டு, அவளுக்கு எது புரியுமோ அதைச் சொல். உனக்கென்று எழுதியதும் இதில் இருக்கிறது.

அவள் சொன்னது சரிதான். பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சரிசி வெள்ளை. பச்சைப் பால் வெள்ளை. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் துளசியோடு போடும் பச்சைக் கற்பூரமும் வெள்ளைதான். பச்சை ரத்தம் சிவப்பு. பொங்கலுக்குப் பானைக் கழுத்தில் கட்டுகிறோமே மஞ்சள் கொத்து, அந்தக் கிழங்கைப் பச்சை மஞ்சள் என்கிறோம். இரண்டு நிறத்தின் பெயரைச் சேர்த்து ஒரு பொருளுக்கு வைத்திருக்கிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஈரோட்டுப் பக்கம் கிழங்கை வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றுகிறார்களே, அது வெறும் மஞ்சள். வேகாமல், காயாமல், தோண்டி எடுத்த ஈரத்தோடு இருப்பது பச்சை மஞ்சள்.

நிறம் இல்லை என்றால் வேறு என்ன? வகுப்பில் நான் இதை ஒரு விளையாட்டாக நடத்துவேன், யாழினியிடமும் நீ ஆடிப் பார்க்கலாம். பச்சைக்கு எதிர்ச்சொல் கேட்க வேண்டும். வெள்ளைக்குக் கறுப்பு என்று எல்லாப் பிள்ளைகளும் உடனே சொல்லும். பச்சைக்கு? ஒன்றும் வராது. "சரி, பச்சரிசிக்கு?" என்றால் வந்துவிடும்: புழுங்கலரிசி. பச்சை மிளகாய்க்கு மிளகாய் வற்றல். பச்சைச் சுண்டைக்காய்க்கும் வற்றல்தான். பச்சை மீனுக்குக் கருவாடு. பச்சைத் தண்ணீருக்கு வெந்நீர், இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். பச்சை விறகுக்குக் காய்ந்த விறகு. பச்சை இலைக்குச் சருகு. பச்சைக் காய்கறிக்குச் சமைத்தது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவை எல்லாம் தீயோ வெயிலோ பட்டவை. எதன் மேல் இன்னும் சூடு படவில்லையோ, எதற்குள் ஈரம் வற்றவில்லையோ, அது பச்சை.

பச்சரிசியையே எடுத்துக்கொள். நெல்லை அப்படியே காயவைத்துக் குத்தினால் பச்சரிசி. ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, அதற்கப்புறம் அரைத்தால் புழுங்கல். அவிக்கும்போது மேல் தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு உள்ளே மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் எவ்வளவு தீட்டினாலும் புழுங்கலில் சத்து கொஞ்சம் தங்கும். சாப்பாட்டுக்குப் புழுங்கல், சாமிக்குப் பச்சரிசி என்று வைத்தவர்கள் வைட்டமினை நினைத்து வைக்கவில்லை. தீ படாதது சுத்தம் என்று நினைத்தார்கள். இன்றைக்கும் பொங்கலுக்குப் பச்சரிசிதான் அளக்கிறோம்.

அடுப்படியில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. குழம்புக்கு மசாலா வதக்கும்போது நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கும், "பச்சை வாசனை போற வரைக்கும் கிண்டு" என்று. அதற்கு நேரக் கணக்குக் கிடையாது. மல்லித்தூள் எண்ணெயில் விழுந்ததும் முதலில் மண் வாடை மாதிரி ஒன்று மேலே வரும். இஞ்சி பூண்டு என்றால் மூக்கில் ஏறும். கிண்டக் கிண்ட எண்ணெய் ஓரத்தில் பிரியும், வாடை மாறி நாக்கில் தண்ணீர் ஊறும். அந்த நேரம் மூக்குக்குத் தெரிந்துவிடும். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வேண்டுமென்றே அந்த வாசனையோடு ஒரு ரசம் வைப்பார்கள், பச்சைப்புளி ரசம். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கொத்துமல்லி எல்லாம் கையால் பிசைந்து போட்டு, அடுப்பில் ஏற்றாமலேயே சோற்றில் ஊற்றிக்கொள்வது. வெயில் காலத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. இப்போது உனக்கு அது ஆகாது, பிறகு செய்து சாப்பிடு.

சூளைக்காரர்களிடம் போனால் இன்னும் நன்றாகப் புரியும். செங்கல் சூளையில் அறுத்துக் காயப்போட்ட கல்லுக்குப் பச்சைக்கல் என்று பெயர். பார்த்தால் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். ஒரு நல்ல மழை பிடித்தால் அத்தனையும் கரைந்து திரும்ப மண்ணாகிவிடும். சூளையில் வெந்த பிறகு அதே கல் நூறு மழையைத் தாங்கும். மானாமதுரையில் கடம் செய்கிற இடத்துக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறோம். அங்கே வரிசையாக நிழலில் காய்ந்துகொண்டிருந்த பானைகளைத் தொடப் போன உன் கையை அந்த அம்மா பிடித்துக்கொண்டு, "பச்சை மண்ணும்மா, விரல் பதிஞ்சிரும்" என்றார்கள். திருவள்ளுவரும் இந்த மண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார். வஞ்சகத்தால் பணம் சேர்த்து அதைக் காப்பாற்றப் பார்ப்பது, "பசுமண் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று" என்கிறார், 660-ஆம் குறளில். சுடாத பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் தண்ணீரும் போகும், பானையும் போகும். அந்தக் குறளை நடத்தும்போது பசுமண் என்பதற்குப் பச்சை நிற மண் என்று எழுதிய பிள்ளைகள் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வந்ததில்லை. சுடாத பானையைக் கையால் தொட்டிராத பிள்ளைகள் வேறு எப்படி எழுதும்?

"பச்சை மண்ணு, அதுக்கு என்ன தெரியும்" என்று கைக்குழந்தையைச் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். எந்தக் கை பட்டாலும் அதன் தடம் பதியும். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் "பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு" என்று பலகை இருக்கும். பிறந்து 28 நாள் வரைக்குமான பிள்ளைகளுக்கு அந்தப் பெயர். அரசாங்கப் பலகைகளில் எத்தனையோ வறண்ட தமிழ் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு சொல்லைப் பார்க்கும்போது மட்டும் மனசு இளகும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பசுமரத்தாணி. பச்சை மரத்தில் ஆணி அடித்தால் சுலபமாக இறங்கிவிடும், அப்புறம் மரம் அதைப் பிடித்துக்கொள்ளும். யாழினிக்கு இப்போது அந்த வயது. வீட்டில் தமிழ் பேசுவதை விடாதே.

நிறமே இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. நிறமும் அதே ஈரத்திலிருந்துதான் வந்திருக்கிறது. என் அம்மாச்சி வீடு மேலூர்ப் பக்கம் என்று உனக்குத் தெரியும். பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்தால்தான் அங்கே நடவு. நாற்றைப் பிடுங்கி நட்டதும் வயல் அழகாக இருக்கும் என்று நினைப்போம், இருக்காது. வேர் அறுந்த நாற்று முதல் சில நாள் வெளிறி, துவண்டு, தண்ணீரில் சாய்ந்து கிடக்கும். தாத்தா தினமும் காலையில் வரப்பில் போய் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வருவார். ஒரு நாள் வந்து, "பச்சை பிடிச்சிருச்சு" என்பார். வேர் மண்ணைப் பிடித்துவிட்டது, இனிப் பிழைத்துவிடும் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் சோறு இறங்கும்.

இலைக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதற்குப் பாடப்புத்தகத்தில் பச்சையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெயிலில் இருக்கும் சிவப்பையும் நீலத்தையும் அது அதிகமாக எடுத்துக்கொள்கிறது, பச்சையைக் குறைவாக எடுக்கிறது. மிச்சம் வருவது நம் கண்ணுக்கு. பச்சையம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர்.

பழைய தமிழில் பசு என்றும் பை என்றும்தான் இது அதிகம் வரும். பசும்புல், பசுந்தழை, பைங்கிளி, பைந்தமிழ். பசும்பொன் என்கிறோம், பொன் மஞ்சள் அல்லவா? அங்கே பசுமை என்றால் மாற்றுக் குறையாத புதுப்பொன் என்று பொருள். ஆனால் மஞ்சளுக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய உறவு இருக்கிறது. எதிர் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம் இருக்கிறதே, அவர்கள் மஞ்சளைப் பசுப்பு என்பார்கள். பச்ச என்றால் அவர்களுக்குப் பச்சையும் உண்டு, மஞ்சளும் உண்டு. வேகாததைப் பச்சி என்பார்கள். கன்னடத்தில் பகரம் ஹகரமாகிவிடும், நிறத்துக்கு ஹசிரு, வேகாததற்கு ஹசி. மலையாளத்தில் பச்சவெள்ளம் என்றால் நம் பச்சைத் தண்ணீரேதான். இப்படி நாலு வீட்டிலும் நிறமும் ஈரமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பிரிவதற்கு முன்பே ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் பசலை. தலைவன் பிரிந்து போனால் தலைவியின் மேனியில் படரும் வெளிறிய நிறம். சங்கப் பாட்டில் அதைப் பீர்க்கம்பூவின் நிறம் என்பார்கள், அப்படியென்றால் மஞ்சள். குறுந்தொகை 399-இல் பரணர் அதற்கு வேறொன்றைக் காட்டுகிறார். ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணியில் பாசி மூடிக் கிடக்கிறது. கை பட்டால் அந்த இடத்தில் விலகும், கையை எடுத்தால் திரும்ப மூடிக்கொள்ளும். "தொடுவுழித் தொடுவுழி நீங்கி விடுவுழி விடுவுழிப் பரத்தலானே." காதலன் தொட்ட இடத்தில் பசலை விலகுகிறது, கை விட்ட இடத்தில் பரவுகிறது என்கிறாள். பாசியும் பசலையும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் பாரேன். அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லும்போது தண்ணீரில் கை அளைகிற மாதிரியே இருக்கும். இந்தப் பாட்டை நடத்தும் நாளில் நான் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனதே இல்லை.

யாழினிக்கு அவள் பெயரை வைத்து ஒன்று சொல். பொருநராற்றுப்படையில் யாழை வருணிக்கும் இடத்தில் அதன் மேல் இழுத்துக் கட்டிய தோலுக்குப் பச்சை என்றே பெயர் வருகிறது. விளக்குச் சுடரின் நிறம் என்று அந்தத் தோலைச் சொல்கிறார் புலவர், ஆக அங்கேயும் பச்சை நிறம் இல்லை. ஈரம் காயாத, பதப்படுத்தாத தோலை அப்படிச் சொல்லப் போய்ப் பிறகு தோலுக்கே பெயராகியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

தோல் என்றதும் என் அப்பத்தா நினைவுக்கு வருகிறார். நீ பார்த்ததில்லை. முழங்கைக்குக் கீழே புள்ளிக் கோலம் ஒன்று பச்சை குத்தியிருந்தார். திருவிழாவுக்கு வந்த குறத்தி, ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துக் குத்தியது. கரி கறுப்பு. ஆனால் தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் வெளிச்சம் சிதறி நீலமும் பச்சையும் கலந்தாற்போலத்தான் வெளியே தெரியும். வயதாக ஆகக் கோடுகள் பரந்து, நரம்புக்கும் கோலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆகிவிட்டது. "நகை நட்டெல்லாம் கழட்டி வச்சிருவாங்க, கூட வர்றது இந்தப் பச்சை ஒண்ணுதான்" என்பார்.

நல்லதற்குத்தான் இந்தச் சொல் என்றில்லை. பச்சைப் பொய், பச்சைத் துரோகம், பச்சை அயோக்கியத்தனம். பச்சை பச்சையாகத் திட்டினான் என்கிறோம். பொய்யிலேயே பூசி மெழுகிச் சொல்வது ஒன்று. அந்தப் பூச்சுக்கூட இல்லாமல் முகத்துக்கு நேரே சொல்வது பச்சைப் பொய். வேகவைக்காத சொல், அப்படியே எடுத்து வீசியது. அதே சொல்லைப் பெரியார் காமராஜருக்குப் பட்டமாகவே வைத்தார், பச்சைத் தமிழர் என்று. 1954-இலிருந்து 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது. கலப்பில்லாத, இந்த மண்ணிலேயே முளைத்த ஆள் என்று பொருள். கலப்பில்லாத பொய்க்கும் கலப்பில்லாத மனிதருக்கும் ஒரே அடைமொழிதான்.

ரயில் கொடி, சிக்னல் விளக்கு, சைவச் சாப்பாட்டுப் பாக்கெட்டின் புள்ளி இதெல்லாம் யாழினிக்கே தெரியும். ஆனால் பச்சை மை தெரிய வாய்ப்பில்லை. உன் மதிப்பெண் பட்டியல் நகல்களைத் தூக்கிக்கொண்டு அப்பா கெசட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்ற கதையை அவளுக்குச் சொல். அந்த மையில் ஒரு கையெழுத்து விழுந்தால்தான் நகல் உண்மை என்று ஒத்துக்கொள்வார்கள். 2014-க்கு அப்புறம் சொந்தக் கையெழுத்தே போதும் என்று பல இடங்களில் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் பச்சை மைப் பேனா வைத்திருந்தாலே தெருவில் ஒரு மரியாதை உண்டு.

நம் ஊர்ப் பச்சையைச் சொல்லாவிட்டால் அழகர் கோபித்துக்கொள்வார். சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்க வரும்போது அவர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதைப் பார்க்கத்தானே விடிய விடியக் கூட்டம். பெட்டிக்குள் பட்டர் கையை விட்டுத் துழாவி எடுப்பது எதுவோ அதுதான் சாத்துவார்கள். பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் மழை உண்டு, வெள்ளாமை உண்டு. இருட்டில் தூரத்தில் தங்கக் குதிரை தெரியும்போதே "பச்சை, பச்சை" என்று ஒரு முனையில் ஆரம்பித்து ஆற்றுக்கு மறு கரை வரைக்கும் சத்தம் போகும். அதைக் கேட்டு அழுகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது நிறம் இல்லை, கிணற்றில் தண்ணீர். மீனாட்சிக்கு மரகதவல்லி என்று பெயர், பேரூரில் அம்மனே பச்சைநாயகி, திருச்செந்தூரில் சண்முகருக்குப் பச்சை சாத்தும் நாள் திருமாலுக்கு உரிய கோலம். ஊர் ஊராகப் பச்சையம்மன் கோயில்கள். பச்சையப்பன், பச்சைமுத்து, பச்சையம்மாள் என்று எத்தனை பேர் என் வகுப்பேட்டில் இருந்திருக்கிறார்கள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது.

பச்சை உடம்புக்காரி என்று நான் சொன்னால் நீ சிரிக்கிறாய். அம்மா பழைய ஆள் என்று நினைக்கிறாய். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடம் உள்ளே ஒரு புண். வெளியே இருந்தால் கட்டுப் போட்டு வைத்திருப்போம், உள்ளே இருப்பதால் யார் கண்ணுக்கும் படவில்லை. கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர 6 வாரம் ஆகும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். பச்சைப் புண் என்று சொல்கிறோமே, அந்தப் பச்சைதான் பச்சை உடம்பிலும் இருப்பது.

அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகளில் எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரே கொடுக்காமல் நாக்கு வறள வைத்தார்கள், அது தப்பு. பால் கொடுக்கிறவள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இருட்டறையில் அடைத்து வைத்ததும் தப்பு. ஆனால் பச்சைத் தண்ணீர் ஆகாது என்றதில் ஒரு நியாயம் இருந்தது. கிணற்றிலும் கண்மாயிலும் எடுத்த காய்ச்சாத தண்ணீர், புண்ணான உடம்பு. கைகளைச் சுத்தம் செய்யாமல் பிரசவம் பார்த்ததால்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு சாகிறார்கள் என்று 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டு சொன்னபோது, அங்கே பெரிய பெரிய டாக்டர்களே அதை நம்பவில்லை. நம் ஆட்களுக்குக் கிருமி தெரியாது. காய்ச்சியது காக்கும், பச்சையானது கொல்லும் என்று மட்டும் தெரிந்திருந்தது. உன் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் அந்தப் பயம் இல்லை, எனக்கும் தெரியும். நான் பயப்படுவது தண்ணீருக்காக இல்லை. பாத்திரம் முன்னால் நீ நின்றுகொண்டிருந்ததற்காக.

அந்தச் சொல்லை ஊரில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று யோசித்துப் பார். மாமியார் வேலை ஏவ வந்தால், பக்கத்து வீட்டுக்காரி, "பச்சை உடம்புக்காரியைப் போயா?" என்று ஒரு வார்த்தைதான் சொல்வாள். அவ்வளவுதான், ஏவின வாய் மூடிவிடும். மற்ற நாளில் படுத்துக் கிடக்க ஒரு மணி நேரம் கிடைக்காத பெண்ணுக்கு அந்த ஒரு சொல் 40 நாள் பாய் விரித்துக் கொடுத்தது. காடு கழனிக்குப் போகிற வீடுகளில் அதுகூடக் கிடைக்காமல் எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும் பார்த்தேன். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் 90 நாள் விடுப்பு. இப்போது தமிழ்நாட்டில் அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு, 2021-இலிருந்து 12 மாதம். உங்கள் அமெரிக்காவில் 1993-இல் போட்ட சட்டப்படி 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. அந்த 12 வாரமும் முடியாத நிலையில் நீ ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாய். யாழினிதான் சொன்னாள், அவளைக் கோபிக்காதே.

கயல், நான் அங்கே இருந்திருந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சொல்வதை நானே சொல்லியிருப்பேன். விசா கிடைக்க இன்னும் நாள் ஆகும் போலிருக்கிறது. அதுவரை உனக்காக நீயே சொல்லிக்கொள்ள வேண்டும். இங்கிலீஷில் சொன்னால் உன் மேனேஜருக்கு இது விளங்குமா என்று எனக்குத் தெரியாது, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் விளங்கும். கேட்டு வாங்கு. பாத்திரத்தை மாப்பிள்ளை கழுவட்டும், அவர் நல்ல பிள்ளை, சொன்னால் செய்வார். நீ சொல்வதில்லை, அதுதான் பிரச்சினை. பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு. லேப்டாப்பை வேறு அறையில் வை.

பக்கத்துத் தெரு டீச்சர் அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு டாலஸ் வருகிறார்கள், அவர்களிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். கறிவேப்பிலையும் பச்சை நெல்லிக்காயும் வைக்கலாம் என்றேன். பச்சையாக எதுவும் விமான நிலையத்தில் விட மாட்டார்கள், வற்றலும் பொடியும் என்றால் சரி என்றார்கள். அதனால் சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், அங்காயப் பொடி, பூண்டு லேகியம் வைத்திருக்கிறேன். பாசிப்பயறு மாவு உனக்கும் யாழினிக்கும் மட்டும். தம்பிக்குத் தேய்க்க வேண்டாம், அவன் தோல் இன்னும் தாங்காது, வெறும் வெந்நீர் போதும். லேகியத்தைக் காலையில் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு எடுத்துக்கொள். அதற்கு முன்னால் உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா. பை வந்து சேர்ந்ததும் போன் பண்ணு. யாழினியை எடுக்கச் சொல், எதிர்ச்சொல் விளையாட்டில் அவள் என்ன சொன்னாள் என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா
மதுரை